வேருக்கு எண்ணெய்க்காப்பு

பசி என்ற சொல்லைக் கேட்டால் ஆறுமுகச்சாமிக்குக் கை சும்மா இருக்காது. சங்கரன்கோவிலில், புளியங்குடி போகிற சாலையில் அவருக்கு ஒரு பஞ்சர் கடை. வாசலில் அடுக்கியிருக்கும் பழைய டயர்களின் நிழலில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். காற்றடிக்கிற கம்பிரசர்மேல் காக்கைகள் உட்கார்ந்துகொண்டு அவருடைய தூக்குவாளி திறக்கிற நேரத்துக்குக் காத்திருக்கும். டியூப் ஒட்ட வருகிறவர் வெயிலில் வாடிப் போயிருந்தால், ஒட்டுப்போடும் முன்பே எதிர்க்கடை சிவனாண்டியிடம் ஒரு டீ சொல்லிவிடுவார். அந்த ஆள் டீயைக் குடித்து முடித்து நிமிரும்போது முகத்தில் ஒரு தெளிவு வரும் பாருங்கள், அதைப் பார்ப்பதற்காகவே தான் கடை நடத்துவதாக அவருக்கு ஓர் எண்ணம்.

காலையில் கடை திறக்குமுன் தெருமுனைப் பிள்ளையாருக்கு விளக்குத் துடைப்பது அவர் வேலை. யாரும் வைத்த வேலையில்லை, அவராக எடுத்துக்கொண்டது. முந்தின நாள் அகல்களில் மிஞ்சிய எண்ணெயை ஒரு தகரத்தில் வடித்துச் சேர்த்து வைப்பார். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், இலுப்பெண்ணெய் எல்லாம் ஒன்றாய்க் கலந்து கிடக்கும். சாமிக்கு வந்த எண்ணெயைச் சைக்கிள் செயினுக்கு விட அவருக்கு மனசு வராது. விளக்கில்லாத ஏதாவது ஒரு சின்னப் பீடத்தைத் தேடிக் கொண்டுபோய் ஏற்றிவிட்டு வருவார்.

அவர் மனைவி முத்துத்தாயின் வேலை வேறு மாதிரி. வீட்டுக்குப் பின்னால், வெளிச்சம் இறங்கும்படி பச்சை வலை வேய்ந்த கொட்டகை போட்டு, அதில் நீளமாகக் குழி வெட்டி, தார்ப்பாய் விரித்து, வெர்மிகுலைட் என்கிற மினுமினுப்பான சத்தில்லாத மண்ணை நிரப்பி, அதில் மக்காச்சோளம் வளர்த்தாள். சோளக் கதிருக்காக இல்லை. சோளத்தின் வேருக்குள் குடியிருக்கிற ஒரு பூஞ்சைக்காக. வேளாண்மைக்காரர்கள் அதை 'வேம்' என்பார்கள். கண்ணுக்குத் தெரியாத நூல்களை மண்ணுக்குள் நீட்டி, வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸ் என்கிற மணிச்சத்தையும் ஈரத்தையும் இழுத்து வந்து செடிக்குக் கொடுக்கும். உயிருள்ள வேர் இல்லாவிட்டால் அதுவும் இல்லை. சோளம் முற்றியதும் தண்ணீரை நிறுத்தி, தட்டையை அறுத்துவிட்டு, வேரையும் மண்ணையும் சேர்த்து நறுக்கினால் அதுதான் உரம். நாற்றுக்கு அடியில் ஒரு கரண்டி வைத்தால் போதும், உடன் வளர்ந்து வரும்.

முத்துத்தாயின் குழியில் இருந்தது கடையில் வாங்கியது இல்லை. பக்கத்து வீட்டு ஷரீபா பீவியின் கணவர், இப்போது இல்லை அவர், புளியங்குடித் தோட்டத்தின் ஓரத்தில் ஓர் எலுமிச்சை மரம் வைத்திருந்தார். மழை பொய்த்து மற்ற மரமெல்லாம் இலை சுருட்டி நின்ற வருசத்திலும் அந்த ஒரு மரம் காய்த்தது. சாலையை அகலப்படுத்தியபோது அந்த மரம் போயிற்று. அது விழுவதற்கு முன்னால் முத்துத்தாய் அதன் வேர்மண்ணில் ஒரு கூடை அள்ளி வந்தாள். வேளாண் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்க்கிற மருமகள் மாலா அதைச் சோதித்துவிட்டு, "அத்தை, இதுல இருக்கது நல்ல சாதி. விட்ராதீங்க" என்று சொன்னாள். அன்றிலிருந்து சோளத்துக்குச் சோளம் மாற்றி அதை உயிரோடு வைத்திருக்கிறாள்.

ஷரீபா பீவியின் மகன் தாஹா புளியங்குடியில் எலுமிச்சை நாற்றுப்பண்ணை வைத்திருக்கிறான். இங்கிருந்து தினமும் பைக்கில் போய்வருகிறவன். போன வருசம் சோதனைக்காகக் கொஞ்சம் நாற்றுகளுக்கு அந்த உரத்தைப் போட்டான். கோடையில் மற்றவை கருகியபோது அவை நின்றன. "வாப்பா வச்ச மரம் போயிருச்சு அக்கா. ஆனா அதோட வேருல இருந்தது உங்ககிட்ட இருக்கு. இந்த வருசம் பண்ணை முழுக்க இதான்" என்று சொல்லிவிட்டான். முத்துத்தாய் வாக்குக் கொடுத்தாள். கொடுத்த கையோடு பழைய குழியை மூடிவிட்டுப் பெரிய குழியாக வெட்டி, அடுத்த விதைப்புக்கென்று வைத்திருந்த தாய்மண் முழுவதையும் அதில் போட்டு விதைத்தாள். மிச்சம் என்று ஒரு பிடிகூட வைக்கவில்லை.

மிச்சம் இருந்திருக்கும். போன வருசத்து உரத்தில் ஒரு பங்கை ஆறுமுகச்சாமி ஊருக்கே கொடுத்துவிட்டார். நல்ல பொருள் என்று மனைவியும் மருமகளும் பேசிக் கேட்டதும், செய்தித்தாளைக் கிழித்துச் சின்னச் சின்னப் பொட்டலமாக மடித்து, கடைக்கு வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் வைத்தார்.

"இது என்ன, கோமதியம்மன் கோவில் புத்துமண்ணா? மடிச்சு மடிச்சுக் குடுக்கிய!" என்று முத்துத்தாய் ஏசினாள். அந்தக் கோவிலில் பிரசாதமாகத் தருகிற புற்றுமண்ணை ஊரார் புண்ணுக்கும் அரிப்புக்கும் பூசுவார்கள்.

"மண்ணுதானட்டி. குடுத்தா கொறஞ்சா போயிரும்?"

"கொறஞ்சுதான போச்சு!"

இது இப்படி இருக்க, ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் மாலா வீட்டுக்கு வந்திருந்தாள். பெரிய குழியில் சோளம் முழங்காலுக்கு மேல் வளர்ந்து நின்றது. மாமனார், மாமியார், மருமகள் மூவரும் கொட்டகை வாசலில் நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது மாலா தன் ஆய்வகப் பேச்சை எடுத்தாள்.

"மாமா, இந்தப் பூஞ்சைக்கு ஒரு குறை இருக்கு தெரியுமா? கொழுப்பு அமிலத்தைச் சொந்தமா உண்டாக்க அதுக்குத் தெரியாது. நம்ம உடம்பு உண்டாக்கும், செடி உண்டாக்கும். இதுக்கு அந்த வித்தையே கிடையாது. செடிதான் வேருக்குள்ள வச்சு ஊட்டணும்."

ஆறுமுகச்சாமி கடலையைக் கீழே வைத்தார். "கொழுப்புன்னா... எண்ணெய்ச் சத்தா?"

"அப்படித்தான் வச்சுக்கோங்க."

"சொந்தமா ஒரு சொட்டு எண்ணெய் எடுக்கத் தெரியாதா அதுக்கு?"

"தெரியாது மாமா."

"அப்ப செடிதான் பெரிசு. சோறு போடுது பாத்தியா" என்றாள் முத்துத்தாய்.

"அப்ப மணிச்சத்து யாரு கொண்டாந்து குடுக்கா? செடியோட அப்பனா?" என்றார் அவர். "அது இல்லாட்டி செடி என்ன செய்யும்? பூஞ்சைதான் பெரிசு."

மாலா சிரித்துவிட்டாள். "இந்த ஊருல உக்காந்துக்கிட்டு எது பெரிசுன்னு சண்டை போடலாமா? சிவன் பெரிசா பெருமாள் பெரிசான்னு ரெண்டு நாகராசா போட்ட சண்டைக்குத்தான சாமி பாதி பாதியா வந்து இங்கன நிக்காரு! இதுவும் அப்படித்தான். ரெண்டும் ஒரு உடம்பு."

பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். வெளிநாட்டில் சிலர், வேரே இல்லாமல், தேங்காய் எண்ணெயில் இருக்கிற ஒரு கொழுப்பு அமிலத்தைக் கொடுத்தே இந்தப் பூஞ்சையை வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள் என்று. அந்த நேரம் பார்த்துச் சாலையில் யாரோ "அண்ணாச்சி, பின் சக்கரம் இறங்கிருச்சு" என்று கூப்பிட, ஆறுமுகச்சாமி எழுந்து போய்விட்டார். அது சுத்தமான கண்ணாடித் தட்டில், மிகமிகக் கொஞ்சமாக, வேறு எந்தக் கிருமியும் அண்டாத இடத்தில் செய்தது என்று மாலா சொன்ன பாதி அவர் காதில் விழவில்லை.

அன்றைக்குப் பிறகு அவருக்குக் கொட்டகைப் பக்கம் போனாலே மனசு கனத்தது. எத்தனை உயிருக்குப் பாலும் சோறும் போட்டிருக்கிறார்! தன் வீட்டுக் கொல்லையில் ஓர் உயிர், சொந்தமாக ஒரு சொட்டுக் கொழுப்புக்கு வழியில்லாமல், இந்த நோஞ்சான் சோளத்தின் கையை எதிர்பார்த்துக் கிடக்கிறது. அது கேட்காது. கேட்க வாயில்லை. வாயில்லாதவற்றின் பசி அவரை எப்போதும் கூடுதலாகவே வாட்டும்.

ஆடி பிறந்தது. கோமதியம்மன் தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் ஊரெங்கும் ஆடிச்சுற்றுப் பேச்சு. ஒற்றைக்காலில் நின்று தபசு செய்கிற அம்மனுடைய கால்வலியில் கொஞ்சத்தைத் தாங்களும் வாங்கிக்கொள்வதாக நினைத்து, பெண்களும் ஆண்களும் கோவிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். முத்துத்தாயும் அதிகாலையிலேயே குளித்துக் கிளம்பிவிட்டாள்.

வீட்டில் ஆறுமுகச்சாமி மட்டும். பிள்ளையார் கோவிலில் இருந்து வரும்போது கையில் எண்ணெய்த் தகரம் நிறைந்திருந்தது. திருவிழா நாளல்லவா, விளக்கு அதிகம். தேங்காய் எண்ணெய் வாசம் தூக்கலாக அடித்தது. அவர் கொட்டகை வாசலில் நின்றார். இதைவிடப் பொருத்தம் வேறு எங்கே அமையும்? அம்மன் நாள். சாமிக்கு ஏற்றிய எண்ணெய். பசித்த உயிர்.

அவர் அவசரப்படவில்லை. செருப்பைக் கழற்றி வெளியே விட்டார். மூலவருக்கு எண்ணெய்க்காப்பு சாத்துவதுபோல, உள்ளங்கையில் குழித்து எடுத்து, சோளத்தின் தூரைச் சுற்றி வரிசை வரிசையாக வார்த்தார். தாயில்லாத பிள்ளைக்குத் தலையில் எண்ணெய் வைக்கிற கைப்பக்குவம். கடைசியில் தகரத்தில் தங்கியதையும் மண்ணின்மேல் கவிழ்த்துவிட்டு, "நல்லா இரு சாமி" என்று சொல்லிக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு கடைக்குப் போனார். அன்று காலை முழுக்க அவருக்கு ஒரு பாட்டுக்கூட வாயில் வந்துகொண்டிருந்தது.

மத்தியானம் முத்துத்தாய் திரும்பி வந்தாள். காலைக் கீழே ஊன்ற முடியாமல் விந்தி விந்தி வந்தவள், செடிக்குத் தண்ணீர் காட்டலாம் என்று நேரே பின்னால் போனாள்.

"கொட்டகைக்குள்ள யாருவே தாளிச்சது?"

சாப்பிட வந்திருந்த ஆறுமுகச்சாமி மலர்ந்த முகத்தோடு ஓடினார். "தாளிக்கலட்டி. எண்ணெய் வச்சேன். பாவம், பசியோட கெடந்துச்சுல்லா."

அவள் குழியைப் பார்த்தாள். தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். அது மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நின்றது. எறும்பு வரிசை கட்டி வந்துகொண்டிருந்தது. முத்துத்தாய் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள்.

"நான் அம்மனோட கால்வலிய வாங்கிட்டு வாரேன். நீங்க எனக்குத் தலைவலிய வாங்கி வச்சிருக்கிய."

அதற்குமேல் அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இருவரும் சேர்ந்து மேல்மண்ணை வழித்தார்கள். சாம்பல் தூவினார்கள். எண்ணெய் அதற்குள் ஆழமாக இறங்கிவிட்டிருந்தது. கொஞ்ச நாளில் சோளம் அடியிலிருந்து மஞ்சளித்தது. மண்மேல் பச்சையும் சாம்பலுமாகப் பூசணம் பஞ்சுபோல் படர்ந்தது. மாலா வந்து ஒரு செடியைப் பிடுங்கினாள். இழுத்ததும் வந்துவிட்டது. வேர் பழுப்பாக, தொட்டால் தோலுரிந்து வழுக்கியது.

"நாந்தான்மா செஞ்சேன்" என்றார் ஆறுமுகச்சாமி.

"அத்தை போன்லயே சொல்லிட்டாக மாமா." மாலாவுக்கு அவர் முகத்தைப் பார்த்துக் கோபிக்கவும் முடியவில்லை. "பசிச்ச பிள்ள முன்னாடி ஒரு அண்டா எண்ணெயக் கவுத்தா அது குடிக்குமா? இது வேருக்குள்ள, ஒரு செல்லுக்குள்ள போயி உக்காந்து, செடி பதமாக் காச்சிக் குடுக்கதத் துளித்துளியா வாங்கிக்கிடும். மண்ணுல கொட்டுனது மத்த பூஞ்சைக்கெல்லாம் விருந்தாப் போச்சு. மண்ணுக்கு மூச்சு முட்டி வேர் செத்துச்சு. வேர் செத்தா இது எங்க போகும்?"

"வித்து கித்து ஒண்ணும் மிஞ்சாதா?" என்று முத்துத்தாய் கேட்டாள்.

"மிஞ்சும் அத்தை. ஆனா இந்த அழுகலோட சேத்துத்தான் மிஞ்சும். இத எலுமிச்ச நாத்துக்குப் போட்டா நாத்தும் அழுகும். கல்லூரியில வேற வேம் இருக்கு, வாங்கித் தரட்டுமா?"

"வாங்கலாம். ஆனா அது அந்த மரத்து மண்ணு இல்லையே" என்றாள் முத்துத்தாய். "அந்தப் பிள்ள அவங்க வாப்பா மரம்னு சொல்லிக் கேட்டுச்சு. நானும் சரின்னேன்."

அன்றைக்கு ஆறுமுகச்சாமிக்குச் சோறு இறங்கவில்லை. கையில் இருந்ததை நாய்க்கு வைக்கும்போதுகூட, இதையும் தப்பாக வைக்கிறோமோ என்று ஒரு சந்தேகம் வந்தது. கொடுக்கிற கை சந்தேகப்பட ஆரம்பித்தால் அதைவிடத் துயரம் வேறில்லை.

மறுநாள் காலை இட்லியைத் தட்டில் வைத்தபடியே முத்துத்தாய் கேட்டாள்:

"போன வருசம் பொட்டலம் பொட்டலமா மடிச்சுக் குடுத்தீயள்லா, யாருக்கெல்லாம் குடுத்திய?"

"இப்பவும் ஏசப் போறியாட்டி?"

"ஏசல. யோசிக்கேன். யாராவது அத ஒரு செடிக்குப் போட்டிருந்தா, அந்தச் செடி உசுரோட இருந்தா, அது வேருல இது இருக்கும்லா?"

ஆறுமுகச்சாமி எழுந்து சட்டையை மாட்டினார். இட்லி தட்டிலேயே இருந்தது.

முதலில் பேருந்து நிலையத்துக்குப் போனார். அங்கே பூ விற்கிற பூமாரி பிச்சிப்பூவைக் கட்டிக்கொண்டே அவரைப் பார்த்துச் சிரித்தாள்.

"அந்த மண்ணா அண்ணாச்சி? நல்லா ஞாவகம் இருக்கு. தண்ணியில குழைச்சு கால் வெடிப்புல போட்டேன். ரெண்டு நாள்ல கேட்டுருச்சு. இன்னும் இருந்தாக் குடுங்களேன்."

"கால்ல போட்டியா?"

"புத்துமண்ண வேற எங்க போடுவாக?"

அவர் அங்கிருந்து கடைக்குத் திரும்பினார். எதிர்க்கடை சிவனாண்டியிடம் கேட்டார். சிவனாண்டி டீ ஆற்றுகிற குவளையை வைத்துவிட்டு, ஈரக்கையைத் துடைத்து, கோமதியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து பொட்டலத்தைப் பயபக்தியோடு எடுத்தான். அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தது.

"பிரிக்கவே இல்ல அண்ணாச்சி. தெனமும் கும்புட்டுட்டுத்தான் அடுப்பு பத்த வைக்கேன். யாவாரம் பரவால்ல. ஏன், திருப்பி வேணுமா?"

அடுப்புச் சூட்டில் இத்தனை மாதம் காய்ந்தது எதற்கு ஆகப்போகிறது? ஆனாலும் அவர் கேட்டிருந்தால் சிவனாண்டி கொடுத்திருப்பான். அவன் அதைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தபின் கேட்க நா எழவில்லை. "இருக்கட்டும்வே. பத்திரமா வச்சுக்கோ" என்றார்.

இன்னும் சிலரிடம் கேட்டார். ஒருவர் பிள்ளையின் அரிப்புக்குப் பூசியிருந்தார். ஒருவர் வீட்டு நிலைவாசலில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அத்தனை பேரும் அவரை வாழ்த்தினார்கள். கோவிலில் மடிப்பதுபோல மடித்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் கையில் வைத்தால் ஊர் வேறு என்ன நினைக்கும்? கொடுத்தது சரி, நின்று ஒரு வார்த்தை சொல்லிக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே தெருவுக்குள் நுழைந்தார். இனி மிச்சம் ஒன்றுதான். ஷரீபா பீவி வீட்டுக்குப் போய், உங்கள் வீட்டுக்காரர் மரத்து மண்ணை நான் அழித்துவிட்டேன் என்று சொல்லவேண்டும். தாஹா பண்ணைக்குக் கிளம்புமுன் சொல்லிவிடுவது நல்லது.

ஷரீபா பீவி கொல்லையில் மருதாணி இலை பறித்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருவில் ஒரு கல்யாணம். "வாங்க அண்ணாச்சி. முகம் ஏன் இப்படிக் கெடக்கு? காலையில சாப்பிடலையோ?" என்றவள், பதிலுக்குக் காத்திராமல் உள்ளே போய் ஒரு டம்ளர் டீயும் ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள். தாஹா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான். இருவரையும் வைத்துக்கொண்டு ஆறுமுகச்சாமி எண்ணெய் வார்த்ததிலிருந்து வேர் அழுகியது வரை சொல்லி முடித்தார்.

தாஹா கையில் துணியோடு அப்படியே நின்றான். ஷரீபா பீவி முக்காட்டை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று ஆறுமுகச்சாமி பதறினார். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அவுக மரத்துக்கு நீங்க எண்ணெய் தேச்சு விட்டியளாக்கும்! உசுரோட இருக்கையில நான் எண்ணெய்க் கிண்ணத்த எடுத்தாலே தெருவுக்கு ஓடிருவாக அண்ணாச்சி, கண்ணு எரியும்னு. அதான் இதுக்கும் ஒத்துக்கிடல."

தாஹாவும் சிரித்துவிட்டான். ஆறுமுகச்சாமிக்குச் சிரிக்கலாமா என்று தெரியவில்லை. ஆனாலும் கடைசியாக ஒன்று கேட்டார்: "போன வருசம் உங்களுக்கும் ரெண்டு பொட்டலம் குடுத்தேன். அத எதுக்குப் பூசுனிய?"

"பூசவா?" ஷரீபா பீவி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "மண்ணக் குடுத்தா செடிக்குத்தான போடுவாக? இந்தா, இதுக்குத்தான் போட்டேன்."

அவள் கை காட்டிய இடத்தில் மருதாணி நின்றது. மற்ற செடிகள் ஆடிக்காற்றில் வதங்கி நிற்க, அது மட்டும் தளதளவென்று, பறிக்கப் பறிக்க இலை விட்டுக்கொண்டு நின்றது.

"நீங்க குடுத்த பிறகுதான் இந்தப் பரக்கத்து. தெருவுல எந்தக் கல்யாணம்னாலும் இங்கனதான் வாராக. போன மாசம் உங்க மருமகளுக்குக்கூட இதத்தான் வச்சுவிட்டேன்."

ஆறுமுகச்சாமி எழுந்து செடியருகே போனார். கீழே உட்கார்ந்தார். தோண்டவில்லை. எதையும் தொட இப்போது அவருக்குப் பயம். "முத்துத்தாயக் கூப்பிடுங்க" என்றார்.

முத்துத்தாய் வந்து, சின்னக் களைக்கொத்தியால் செடியின் ஒரு பக்கமாய் மண்ணை விலக்கி, முடிபோன்ற வேர்களில் கொஞ்சம் மட்டும் எடுத்து ஈரத்துணியில் சுற்றினாள். மாலா வந்து அதைக் கொண்டுபோனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் வரும்போது கையில் ஆய்வகத்துப் பழைய மைக்ராஸ்கோப் இருந்தது. அதைச் சமையலறைச் சன்னலருகே மேசைமேல் வைத்து, ஒரு கண்ணாடிச் சில்லைச் செருகி, திருகிச் சரி செய்தாள். முத்துத்தாய் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஆறுமுகச்சாமி மேசையருகே வந்தார்.

"இருக்கா இல்லையாட்டி?"

"நீங்களே பாருங்க."

குனிந்து பார்த்தார். முதலில் தன் இமை முடிதான் தெரிந்தது. பிறகு வெளிச்சம் தெளிந்தது. நீலச் சாயம் ஏற்றிய வேர், செங்கல் அடுக்கியதுபோல அறை அறையாக. ஒவ்வோர் அறைக்குள்ளும் ஒரு குட்டி மரம், கிளைவிட்டு, கிளைக்குள் கிளைவிட்டு நின்றது.

"அந்த மரம் இருக்குல்லா மாமா, அதுதான் நம்ம பூஞ்சை. அங்கன வச்சுத்தான் குடுக்கல் வாங்கல். சில்லு நகத்துதேன், இப்பப் பாருங்க."

உருண்டையாக ஒன்று வந்தது. அதற்குள் சின்னச் சின்ன வட்டங்கள் பளபளத்தன.

"இது அதோட வித்து. உள்ள மினுங்குது பாருங்க, எல்லாம் எண்ணெய். மருதாணி குடுத்தது. வாங்கி, அடுத்த தலைமுறைக்குன்னு சேத்து வச்சிருக்கு."

ஆறுமுகச்சாமி கண்ணை எடுக்கவே இல்லை. ஒரு தகரம் எண்ணெயில் தன்னால் ஆகாததை, பக்கத்து வீட்டுக் கொல்லையில் நிற்கிற ஒரு மருதாணிச் செடி, யாருக்கும் தெரியாமல், அவரவர் கை சிவக்க இலையும் கொடுத்துக்கொண்டே செய்து முடித்திருக்கிறது. ஆண்டவன் ஒவ்வொன்றுக்கும் அதனதன் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் ஒரு கையை வைத்துத்தான் அனுப்புகிறான். அந்தக் கை எது என்று பார்த்து, அதற்குத் துணையாக நிற்பது மனுசன் வேலை.

"எத்தனை அகல் ஏத்தி வச்சிருக்கு உள்ள!" என்றார் மெதுவாக.

குழியைச் சுத்தமாக வழித்து, தார்ப்பாயைக் கழுவி வெயிலில் போட்டு, புது மண் நிரப்பினார்கள். மருதாணியின் வேர்மண்ணை ஷரீபா பீவியே தன் கையால் ஒரு கூடை அள்ளிக் கொடுத்தாள். ஆவணியில் சோளம் விதைத்தார்கள். தாஹா, "நாத்தப் பிளாஸ்டிக் பையில மாத்தி நட இன்னும் நாளு இருக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்கிடுதேன்" என்றவன், கொஞ்சம் நிறுத்தி, "அண்ணாச்சி கண்ணுல மட்டும் எண்ணெயக் காட்டாதிய" என்று முத்துத்தாயிடம் சொல்லிவிட்டுப் போனான். அந்த வருசம் முழுக்க அவர் கடைக்கு வந்தவர்களெல்லாம் "அண்ணாச்சி, எங்க செடிக்கும் ஒரு எண்ணெய்க் குளியல் போட்டுவிடுங்க" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்துக்கொண்டே டியூபைத் தண்ணீரில் முக்கி ஓட்டை தேடினார்.

சோளம் வளர்கிற நாட்களில் அவர் தினமும் கொட்டகைக்குப் போவார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். முத்துத்தாய் சொன்னால், சொன்ன அளவு தண்ணீர் மட்டும் ஊற்றுவார். அப்படி நிற்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். ஒருநாள் அவளே ஓர் அகலைக் கொண்டுவந்து கொட்டகைக்கு வெளியே, சுவர் மாடத்தில் வைத்தாள்.

"பிள்ளையார் எண்ணெய இனிமே இங்கன ஏத்துங்க. ஒரு சொட்டு உள்ள வரக்கூடாது."

கார்த்திகையில் உரம் தயாரானது. மாலா வேரைப் பார்த்துச் சரியென்றாள். தாஹா மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு, "உம்மா உங்க ரெண்டு பேரையும் பண்ணைக்குக் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கா" என்றான். புளியங்குடியில் பந்தல் நிழலில் கருப்புப் பைகள் வரிசையாக இருந்தன. ஷரீபா பீவி முதல் பையில் ஒரு கரண்டி உரத்தை வைத்து, வாய்க்குள் எதையோ முணுமுணுத்து, அதன்மேல் எலுமிச்சை நாற்றை நட்டாள். இரண்டாவது பைக்கான கரண்டியை ஆறுமுகச்சாமியிடம் நீட்டினாள். அவர் மனைவியைப் பார்த்தார்.

"வைங்க. ஒரு கரண்டிதான்" என்றாள் முத்துத்தாய்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது கொட்டகை வாசலில் ஒரு சின்னக் கூடை இருந்தது. உள்ளே செய்தித்தாள் பொட்டலங்கள். அவர் மடித்ததில்லை. முத்துத்தாய் காலையிலேயே மடித்து வைத்துவிட்டுத்தான் கிளம்பியிருக்கிறாள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளசிக் கன்றை ஈரச் சணலால் கட்டியிருந்தாள்.

"செடியோட சேத்துக் குடுத்தா கால்ல பூச மாட்டாகல்லா" என்றாள். "சிவனாண்டிக்கு முதல்ல குடுங்க. அந்தப் பழைய பொட்டலம் அம்மன் பக்கத்துலயே இருந்துட்டுப் போகட்டும்."

ஆறுமுகச்சாமி கூடையை எடுத்து ஓரமாக வைத்தார். காலையில் வடித்த எண்ணெயைக் கொண்டுவந்து மாடத்து அகலில் ஊற்றி, திரியைத் தூண்டி ஏற்றினார். கதவிடுக்கு வழியே கொட்டகைக்குள் பார்த்தார். அடுத்த விதைப்புக்கென்று குழியின் ஒரு மூலையில் நிறுத்தி வைத்த சோளம் நாலைந்து, அசையாமல், தம் வேலையில் நின்றன. அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சாப்பிடப் போனார். அன்றைக்கு நன்றாகப் பசித்தது.